மெய்ப்பு பார்த்தவன் மெய்

சிவகாசியில் தினசரி காலண்டருக்கு மெய்ப்பு பார்ப்பது என் பிழைப்பு. ஆடிப்பெருக்கன்று அடுத்த ஆண்டின் காலண்டர் ஆல்பத்தைப் பூஜை போட்டு வெளியிடுவது எங்கள் ஊர் வழக்கம். அதனால் உங்கள் வீட்டுச் சுவரில் அடுத்த தை மாதம் தொங்கப்போகும் ராகு காலமும் எமகண்டமும் இந்த ஆனியிலேயே என் மேஜைக்கு வந்து போய்விடும். மகர ராசிக்கு ‘பணி’ என்றிருப்பது ‘பிணி’ ஆகிவிட ஒரு மேல்விலங்கு போதும். அப்படி ஆகாமல் பல லட்சம் மகர ராசிக்காரர்களைக் காத்து வருபவன் நான்.

நான்கு வருடம் முன்பு, தாளின் பின்பக்கத்துக்கான மருத்துவக் குறிப்பு ஒன்று வந்தது. அடிக்கடி தாகம், அடிக்கடி சிறுநீர், சோர்வு, காரணமில்லாமல் எடை குறைதல், மங்கலான பார்வை, ஆறாத புண் ஆகியவை சர்க்கரை நோயின் அறிகுறிகள். உடனே மருத்துவரைப் பாருங்கள். இதில் ‘சிறுநீர்’ ‘சிறுநிர்’ என்று இருந்தது. நெடிலாக்கினேன். அந்த ஆறு வரியைப் படித்து முடிப்பதற்குள் நான் இரண்டு தடவை எழுந்து போய்விட்டு வந்திருந்தேன்.

“பிழை ஏதும் இருக்கா அண்ணாச்சி?” என்று கம்ப்யூட்டர் பையன் கேட்டான்.

“ஒண்ணே ஒண்ணுதான். திருத்திட்டேன்.”

எல்லா அறிகுறிக்கும் என்னிடம் விளக்கம் இருந்தது. தாகமா? சிவகாசி வெயிலில் தாகம் எடுக்காவிட்டால்தான் நோய். சிறுநீரா? அத்தனை தண்ணீர் குடித்தால் வேறெங்கே போகும்? பெல்ட்டில் இரண்டு ஓட்டை உள்ளே போனபோது, இருந்த இடத்திலிருந்தே இளைத்த ஒரே ஆள் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். எழுத்து மங்கியபோது மையில் கலப்படம் என்று சத்தம் போட்டேன். பின்கழுத்து கறுத்துத் தடித்ததைப் பார்த்த வீட்டம்மா, அழுக்கென்று முடிவுகட்டி, ஞாயிறுதோறும் பீர்க்கங்கூட்டை எடுத்துத் தேய்த்தாள். தோல் போனது, கறுப்பு போகவில்லை. இன்சுலின் சரியாக வேலை செய்யாதபோது கழுத்திலும் அக்குளிலும் அப்படிக் கறுக்கும் என்று பிற்பாடுதான் தெரிந்தது. அந்தக் காலத்தில் சிறுநீரில் எறும்பு மொய்ப்பதை வைத்தே வைத்தியர் நோயைக் கண்டுபிடித்தார். நாமோ பினாயில் ஊற்றி, சம்பளம் வாங்காத அந்தப் பரிசோதகரையும் ஒழித்துவிட்டோம்.

இருக்கிற இடமும் அப்படி. மேற்கே போனால் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவா. 2019இல் புவிசார் குறியீடே கொடுத்துவிட்டார்கள். தென்கிழக்கே சாத்தூர்க் காராச்சேவு. வடகிழக்கே விருதுநகர் எண்ணெய்ப் பரோட்டா. எந்தத் திசையில் சூலம் என்று காலண்டரில் தினமும் அச்சடிக்கிறோம். பரிகாரமாக வெல்லம் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பலாம் என்றும் போடுகிறோம்.

மாட்டிக்கொண்டது அம்மாவால். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்று 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய திட்டம் எங்கள் தெருவுக்கும் வந்து, அம்மாவுக்கு பிரஷர் மாத்திரை வீடு தேடி வந்துகொண்டிருந்தது. கொண்டுவரும் தங்கச்சி ஒருநாள், “நீங்களும் விரலை நீட்டுங்க அண்ணாச்சி” என்றது. நீட்டினேன். 287.

“இப்பத்தாம்மா சாப்பிட்டேன்.”

“சாப்பிட்டா 140 தாண்டக் கூடாது அண்ணாச்சி. 200 தாண்டினா சர்க்கரைதான். நீங்க அதையும் தாண்டிட்டீங்க.”

அந்தக் கருவி பொய் சொல்கிறது என்று நிரூபிக்க மூன்று நாள் கீரையும் மோருமாகக் கிடந்து, வெறும் வயிற்றோடு லேபுக்குப் போனேன். வெறும் வயிற்றில் 100க்குள் இருந்தால் நல்லது, 126 தொட்டால் நோய். எனக்கு 131. ஐந்து புள்ளிதானே, பேரம் பேசலாம் என்று டாக்டரிடம் போனால், அவர் ஹெச்பிஏ1சி சீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். 9.1. ஆறரையிலேயே நோய்.

“மூணு நாள் பத்தியம் இருந்தீங்களாக்கும்?” என்று சிரித்தார். ரத்தச் சிவப்பணுவுக்கு ஆயுள் சுமார் 120 நாள். அதில் ஒட்டிய சர்க்கரை அதோடுதான் போகும். ஆகவே இந்தச் சீட்டு இரண்டு மூன்று மாதக் கணக்கைச் சொல்லிவிடும் என்றார். எனக்குப் புரிந்தது. விரலில் குத்திப் பார்ப்பது தினசரி காலண்டர். இது மாதக் காலண்டர். நாம் தினமும் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு மறந்துவிடுகிறோம். உடம்பு கிழிப்பதில்லை.

“நூறுக்கும் நூத்தியிருபத்தஞ்சுக்கும் நடுவுல இருந்தப்பவே வந்திருக்கலாம்” என்றார். அந்த மாதிரி எல்லைக்கோட்டில் நின்ற 531 பேரை வைத்து மருத்துவர் அ. ராமச்சந்திரன் குழு நடத்தி 2006இல் வெளியிட்ட ஆய்வில், நடையும் சாப்பாட்டு ஒழுங்கும் மட்டுமே நோயாக மாறுவதை நான்கில் ஒரு பங்குக்கு மேல் குறைத்ததாம். 2023இல் வந்த ஐசிஎம்ஆர் கணக்கில், இந்தியாவில் அந்த எல்லைக்கோட்டில் நிற்பவர்கள் 13.6 கோடிப் பேர். கோட்டைத் தாண்டியவர்கள் 10.1 கோடி. என்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சாயங்காலம் மச்சான் வந்தார். வீட்டம்மாவின் அண்ணன், பட்டாசு ஆலையில் போர்மேன். ஆறுதல் சொல்வார் என்று எதிர்பார்த்தேன்.

“மாப்ள, எங்க ஆலையில ரூம் வாசல்லயே தண்ணி வாளியும் மண் வாளியும் எப்பவும் நெறஞ்சு நிக்கும். பொறி விழுந்த பொறவு வாளியத் தேடுறவன் அங்க ஒரு நாள் தாங்க மாட்டான். ஒமக்குத் திரி எரிஞ்சு எத்தன வருசமாச்சு?”

“திரி எரியிறது தெரியலையே மச்சான்.”

“நீருதான் அத அச்சடிச்சு ஊருக்கெல்லாம் வித்தீரு.”

இப்போது காலையில் மாத்திரை, நாற்பது நிமிட நடை. இரவில் பாதத்தைக் கண்ணாடி வைத்துப் பார்க்கிறேன். உணர்ச்சி குறைந்த காலில் புண் வந்தால் தெரியாது என்று டாக்டர் பயமுறுத்தியிருக்கிறார். வருடத்துக்கு ஒரு தடவை கண்ணின் விழித்திரைக்கும் சிறுநீரகத்துக்கும் சோதனை. கடைசிச் சீட்டில் 6.8. மையில் கலப்படமும் நின்றுவிட்டது.

போன மாதம் அதே மருத்துவக் குறிப்பு மறுபடி மெய்ப்புக்கு வந்தது. காலண்டரில் விஷயம் தீர்ந்துபோனால் பழையதைப் போடுவது உண்டு. ஒவ்வொரு சொல்லாக விரல் வைத்துப் படித்தேன். எங்களில் எது முதலில் பழையதானது என்று தெரியவில்லை. பையன் பொறுமை இழந்து வந்து நின்றான்.

“என்ன அண்ணாச்சி இவ்வளவு நேரம்? பிழை ஏதும் இருக்கா?”

“குறிப்புல இல்லப்பா” என்று கையெழுத்துப் போட்டேன்.