திண்டுக்கல் பூட்டுக்கு அப்டேட் கிடையாது

என் மனைவியின் தம்பிக்குத் தெரியாமல் எங்கள் வீட்டில் ஒரு சார்ஜர்கூட வாங்க முடியாது. தெரிந்தால் வாங்கவே முடியாது.

சோழிங்கநல்லூரில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தில் பதினாறு வருஷமாக வேலை. இதற்குள் மூன்று கம்பெனி மாறிவிட்டான். கட்டடம் மாறவில்லை, மாடிதான் மாறியது. என் போனின் கண்ணாடி உடைந்து, செல்லோ டேப் ஒட்டிக்கொண்டு அலைந்த காலத்தில், "எந்தப் போன் வாங்கலாம் மாப்ளே?" என்று அவனிடம் கேட்டுத் தொலைத்தேன். "இப்ப வாங்காதீங்க மாமா, செப்டம்பர்ல புதுசு வருது" என்றான். செப்டம்பரில் கேட்டேன். "முதல் லாட்டைத் தொடவே கூடாது. பக் இருக்கும்." பொங்கலுக்குக் கேட்டேன். "இன்னும் எட்டு மாசம் பொறுத்தா அடுத்த மாடலே வந்துடும்." கடைசியில் ஓர் ஆடித் தள்ளுபடியில், சுவர்க் கடிகாரம் இலவசம் என்ற ஒரே காரணத்துக்காக ஒரு போனை வாங்கிவிட்டேன். அதைக் கையில் வாங்கிப் புரட்டினான். வைத்தியர் நோயாளியின் தொண்டையைப் பார்ப்பதுபோல் சார்ஜர் துளைக்குள் எட்டிப் பார்த்தான். "சரி, வாங்கிட்டீங்க" என்றான். துக்க வீட்டில் "சரி, அவருக்கும் வயசாயிடுச்சு" என்பார்களே, அந்தக் குரல்.

ஆனாலும் நல்லவன். நான் எதைத் தப்பாக அமுக்கினாலும், எந்தக் கல்யாணப் படத்தை அழித்தாலும், "உங்க மேல தப்பே இல்ல மாமா, டிசைன் தப்பு" என்பான். கூட்டுறவுத் துறையில் 34 வருஷம் குப்பை கொட்டியவன் நான். அங்கே யார் கையெழுத்துப் போட்டாலும் தப்பு என் மேல்தான். அதனால் இந்த ஒரு வாக்கியத்துக்காகவே அவன் சொல்லும் மற்றதையெல்லாம் பொறுத்துக்கொள்கிறேன்.

அவனுடைய குறைகளில் மூத்தது இயர்போன் துளை. 2016 செப்டம்பரில் ஆப்பிள் கம்பெனி, ஐபோன் 7-இல் அந்த 3.5 மில்லிமீட்டர் துளையை எடுத்துவிட்டது. தோடு போடாமல் விட்ட காது தூர்ந்துபோவதுபோல் மற்றக் கம்பெனிப் போன்களிலும் அது மெல்ல மெல்லத் தூர்ந்துபோயிற்று. உலகம் இதை மறந்து ஒயர் இல்லாத மொட்டுகளைக் காதில் செருகிக்கொண்டுவிட்டது. அவன் மறக்கவில்லை. வருஷா வருஷம் செப்டம்பர் வந்தால் எள்ளும் தண்ணீரும் விடாத குறை. "மேடை ஏறி அதுக்குத் துணிச்சல்னு பேர் வச்சாங்க மாமா. ஓட்டையை அடைக்கிறதுக்கு என்ன துணிச்சல்? கொத்தனார் தினம் அடைக்கிறார்."

அவன் வீட்டுப் பரணில் ஒரு பெரிய முறுக்கு டின் இருக்கிறது. முறுக்கு இருந்து நான் பார்த்ததில்லை. கீழடிக் குழிபோல் அடுக்கடுக்காக ஒயர்கள். ஆக அடியில் நோக்கியாவின் குச்சி முனை, அதற்கு மேல் பட்டையான ஆப்பிள் முனை, பிறகு மினி, மைக்ரோ என்று நாகரிகங்கள். தங்கள் நாடுகளில் 2024 டிசம்பர் 28 முதல் விற்கும் போன்களுக்கெல்லாம் சி-டைப் துளைதான் என்று ஐரோப்பிய ஒன்றியம் முடிவு செய்தபோது, அவன் அரைக் கிலோ அல்வாவோடு எங்கள் வீட்டுக்கு வந்தான். ஏதோ பதவி உயர்வு என்று நினைத்தேன். அல்வா தீர்வதற்குள் அடுத்த குறை வந்துவிட்டது. "எல்லா சி-டைப் ஒயரும் ஒண்ணு இல்ல மாமா. ஒண்ணு செகண்டுக்கு 480 மெகாபிட் கடத்தும், ஒண்ணு 40 ஜிகாபிட் கடத்தும். பார்த்தா வித்தியாசமே தெரியாது." எனக்கு இது புரிந்தது. பெண் பார்க்கப் போன இடத்தில் எல்லாச் சம்பந்தியும் ஒரே மாதிரிதான் சிரிக்கிறார்கள்.

வேண்டாம் என்று சொல்லாமல் அவன் வாங்கிய ஒரே பொருள் ஒரு கீபோர்டு. ஒன்பதாயிரம் ரூபாய். ஒவ்வொரு எழுத்துக்கும் அடியில் தனி ஸ்பிரிங் வைத்து, அமுக்கினால் 'டக்' என்று சத்தம் வரும்படி செய்திருக்கிறார்கள். அந்தச் சத்தத்துக்குத்தான் காசாம். நானும் என் மனைவியும் ரெமிங்டன் மிஷினில் லோயர், ஹையர் இரண்டும் முடித்தவர்கள். ஏ எஸ் டி எஃப் ஜி எஃப் என்று நாற்பது பேர் ஒரு ஓட்டுக் கொட்டகையில் அடித்த சத்தத்தில்தான் எங்களுக்கு அறிமுகமே ஆயிற்று. அதே சத்தத்தை மறுபடி கேட்டதும் அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பக்கத்து ஃபிளாட்காரர் அசோசியேஷனில் புகார் கொடுத்தார்.

வீட்டுப் பிரிண்டரில் காகிதம் சிக்கும்போதுதான் அவனை முழு உருவில் பார்க்க வேண்டும். ஒருமுறை திருச்சி ரயிலுக்கு ஒரு மணி நேரம் இருக்கும்போது டிக்கெட்டை அச்செடுக்க அவனிடம் கொடுத்தேன். போனில் காட்டினால் போதும் என்பார்கள் எல்லோரும். எனக்குக் கையில் காகிதம் வேண்டும். பாதி டிக்கெட் வெளியே, பாதி உள்ளே. அவன் இழுக்கவில்லை. நாற்காலியை என் பக்கம் திருப்பி உட்கார்ந்தான்.

"மாமா, உலகத்துல சுதந்திர மென்பொருள் இயக்கம் வந்ததே இப்படி ஒரு பேப்பர் சிக்கினதாலதான், தெரியுமா?"

தெரியாது. ரயில் நேரம்தான் தெரியும். அமெரிக்காவில் எம்.ஐ.டி.யின் செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்தில் ரிச்சர்டு ஸ்டால்மன் என்றொருவர் இருந்தாராம். அங்கிருந்த பழைய பிரிண்டரில் காகிதம் சிக்கினால் காத்திருப்பவர்களுக்குத் தகவல் போகும்படி அவரே புரோகிராமைத் திருத்தி வைத்திருந்தார். 1980 வாக்கில் ஜெராக்ஸ் கம்பெனி புது லேசர் பிரிண்டர் ஒன்றைக் கொடுத்தது. அதுவும் சிக்கியது. ஆனால் திருத்துவதற்கு மூல நிரலைத் தரவில்லை. அதை வைத்திருந்த வேறொரு பல்கலைக்கழகத்து ஆளைத் தேடிப் போய்க் கேட்டார். யாருக்கும் தருவதில்லை என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன் என்று அவர் கைவிரித்தார். அந்தக் கோபம் உள்ளே புகைந்து, 1983-இல் க்னூ என்ற திட்டமாக வெளியே வந்தது. அதிலிருந்து லினக்ஸ், அதிலிருந்து இன்று உலகத்து சர்வர்கள் பாதிக்கு மேல்...

நான் எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு, தெருமுனை ஜெராக்ஸ் கடைக்குப் போய்ப் பத்து ரூபாய் கொடுத்து அச்செடுத்துக்கொண்டு ரயிலைப் பிடித்தேன். அந்த வார்த்தையின் பொருத்தம் விழுப்புரம் தாண்டிய பிறகுதான் எனக்கு உறைத்தது.

நாள் நட்சத்திரத்தில் நம்பிக்கை இல்லாதவன் என்று சொல்லிக்கொள்வான். ஆனால் வெள்ளிக்கிழமை புதுசாக எதையும் தொட மாட்டான். நம் வீடுகளில் வெள்ளிக்கிழமை என்றால் நல்லது தொடங்குகிற நாள். அவர்கள் சாஸ்திரத்தில் வெள்ளிக்கிழமை புரோகிராமை மாற்றினால் சனி, ஞாயிறு பிடித்துக்கொள்ளும். தன் புது வீட்டுக்கு அக்கா பார்த்துக் கொடுத்த வெள்ளிக்கிழமை முகூர்த்தத்தை இதற்காகவே தட்டிக் கழித்தவன். 2024 ஜூலை 19 அன்று அவன் வாக்கு பலித்தது. ஒரு பாதுகாப்பு மென்பொருளின் கோளாறான அப்டேட்டால் உலகம் முழுக்க 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீல முகத்தோடு படுத்துவிட்டன. நம் விமான நிலையங்களில் போர்டிங் பாஸைப் பேனாவால் எழுதிக் கொடுத்தார்கள். அந்தப் படத்தைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டு, "இன்னிக்கு என்ன கிழமை?" என்று மட்டும் கேட்டிருந்தான். அன்று ஆடி முதல் வெள்ளி. மாவிளக்குக்கு வெல்லம் இடித்துக்கொண்டிருந்த என் மனைவி, "அம்மனுக்குக் கூழ் ஊத்தற நாள்ல எவன்டா மிஷினை நோண்டினது?" என்றாள். அக்கா தம்பி இருவரும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போய் நான் பார்த்தது அன்றுதான்.

அடுத்த கண்டத்துக்கும் தேதி குறித்து வைத்திருக்கிறான். 2038 ஜனவரி 19. பழைய 32 பிட் கணினிகள் 1970 முதல் வினாடி வினாடியாக எண்ணிக்கொண்டு வருகின்றனவாம். அன்றைக்கு நம் நேரம் காலை 8 மணி 44 நிமிஷம் 7 வினாடியோடு எண்ணும் இடம் நிரம்பிவிடும். அடுத்த வினாடியே, திருத்தாமல் விட்ட கணினிகள் 1901-க்குப் போய்விடும். மனைவி காலண்டர் பார்க்காமலே விரலை மடக்கிக் கணக்குப் போட்டாள். "செவ்வாய்க்கிழமையா? எமகண்டம் 9 மணிக்குத்தானேடா ஆரம்பம்?" அவனிடம் இதற்குப் பதில் இல்லை. லீவுக்கு மட்டும் இப்போதே சொல்லி வைத்திருப்பதாகச் சொன்னான்.

ஆபீஸ் புலம்பல் தனிப் புராணம். 2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டாவில், ஸ்னோபேர்டு என்ற பனிச்சறுக்கு விடுதியில் 17 பேர் கூடி, மென்பொருளை எப்படி இலகுவாக எழுதலாம் என்று ஒரு சிற்றறிக்கை வெளியிட்டார்கள். "அவங்க பனியில சறுக்கிட்டு எழுதினாங்க மாமா. நான் துரைப்பாக்கம் டிராஃபிக்ல நின்னுட்டு வந்து மறுபடியும் நிக்கிறேன்." நிற்பது என்பது தினசரிக் கூட்டம். பதினைந்து நிமிஷத்தில் முடிய வேண்டும் என்பதற்காக நின்றுகொண்டே நடத்துவது. நேற்று என்ன செய்தாய், இன்று என்ன செய்வாய், தடை என்ன? ஐம்பது நிமிஷம் ஆகிறது. தடை என்ன என்ற கேள்விக்கு 'இந்தக் கூட்டம்' என்று ஒருநாள் பதில் சொல்ல ஆசை என்பான். என்னை 34 வருஷத்தில் ஒருவரும் நேற்று என்ன செய்தாய் என்று கேட்டதில்லை. கேட்டிருந்தால் துறையே ஆட்டம் கண்டிருக்கும்.

பாஸ்வேர்டையும் 45 நாளுக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்களாம். அம்மா பெயருக்குப் பின்னால் ஒரு எண்ணைச் சேர்த்து, அதைக் கூட்டிக்கொண்டே போகிறான். இப்போது அம்மா 61. நிஜ அம்மாவுக்கு 74. அடிக்கடி மாற்று, குறியீடு சேர் என்ற விதியை 2003-இல் அமெரிக்க அரசு நிறுவனம் ஒன்றுக்காக எழுதிய பில் பர் என்பவரே, 2017-இல் அதில் பெரும்பகுதி தப்பு என்று வருத்தப்பட்டுவிட்டாராம். "எழுதினவரே வருத்தப்பட்டுட்டார். எங்க ஐடி டீம் இன்னும் வருத்தப்படலை."

சென்ற ஐப்பசியில் ஒரு விஷயம் நடந்தது. வைப்புத்தொகைக்கான படிவத்தை இணையத்தில் நிரப்பிக்கொண்டிருந்தேன். ஒன்பது பக்கம். கடைசிப் பக்கத்தில் வாரிசின் பிறந்த தேதி கேட்டது. எனக்குத் தெரியவில்லை. சமையலறைக்குப் போய்க் கேட்டேன். கல்யாணமாகி 38 வருஷம் கழித்து இப்படிக் கேட்டால் தேதி உடனே கிடைக்காது, முன்னுரை இருக்கும். திரும்பி வந்தால் 'செஷன் எக்ஸ்பயர்டு'. ஒன்பது பக்கமும் காற்றோடு போயிற்று. மாப்பிள்ளைக்குப் போன் போட்டு, இதை எழுதினவன் கையில் புற்று வைக்க என்று ஆரம்பித்தேன்.

"எவ்ளோ நேரம் எந்திரிச்சுப் போனீங்க மாமா?"

"உங்க அக்காகிட்ட பிறந்த தேதி கேட்டேன். அஞ்சு நிமிஷத்துல நடக்கிற காரியமா அது?"

"மூணு நிமிஷம்தான் மாமா வச்சிருக்கோம்."

"வச்சிருக்கோமா?"

மறுமுனையில் ஃபேன் சத்தம் மட்டும் கேட்டது.

அன்று ராத்திரி லேப்டாப்போடு வீட்டுக்கே வந்துவிட்டான். 2021-இல் அவன் அனுப்பிய மெயிலைத் திறந்து காட்டினான். பத்து நிமிஷம் வேண்டும், பெரியவர்கள் மெதுவாகத்தான் நிரப்புவார்கள் என்று எழுதியிருந்தான். இடையிடையே தானாகச் சேமித்துக்கொள்ள வேண்டும் என்றும் எழுதியிருந்தான். கீழே ஒரு வரிப் பதில்: அடுத்த கட்டத்தில் பார்க்கலாம். அடுத்த கட்டம் வரவில்லை. அதுபோல் நாற்பது, ஐம்பது மெயில்களைத் தனி ஃபோல்டரில் வைத்திருக்கிறான், நிராகரிக்கப்பட்ட கவிதைகளை வைத்திருப்பவர்போல. ஆபீசில் விலைபோகாத சரக்குதான் ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டுக்கு வருகிறது என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். காப்பி குடித்துவிட்டு, போகிற போக்கில், பழைய எழுத்துருவில் அடித்துக் கூழாகிப்போயிருந்த என் இருபது வருஷக் கட்டுரைகளை யூனிகோடுக்கு மாற்றிக் கொடுத்துவிட்டுப் போனான். பத்து நிமிஷ வேலை. அதைப் பற்றி அபிப்பிராயம் எதுவும் சொல்லவில்லை.

இப்படிப்பட்டவன் வீட்டில் ஸ்மார்ட் பல்பு, ஸ்மார்ட் பூட்டு எதுவும் கிடையாது. ஒட்டுக்கேட்கும் ஸ்பீக்கரை அவன் மனைவி வாங்கி வந்தபோது அதைப் பரணில் முறுக்கு டின்னுக்கு அனுப்பினான். இரும்பு கேட்டில் தொங்குவது பாட்டி காலத்துத் திண்டுக்கல் மாங்காய்ப் பூட்டு. கையால் செய்தது, 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற வம்சம். "இதுக்கு அப்டேட் கிடையாது, பாஸ்வேர்டு கிடையாது, சீனால இருந்து எவனும் திறக்க முடியாது" என்பான். சாவி ஒன்றுதான். இன்னொன்று செய்யச் சொன்னதற்கு, டூப்ளிகேட் என்பதே பாதுகாப்பு ஓட்டை என்றான். எந்தப் பைலுக்கும் மூன்று பிரதி, இரண்டு வகைப் பெட்டி, ஒன்று வெளியூரில் என்று எனக்கு மந்திரோபதேசம் செய்தவன் இவனேதான்.

தை மாதம் கும்பகோணத்தில் ஒரு கல்யாணம் முடிந்து எல்லோரும் அவன் வீட்டு வாசலில் வந்து இறங்கியபோது ராத்திரி பதினொன்று. சாவி இல்லை. பை, பட்டு வேட்டி மடிப்பு, தாம்பூலப் பை எல்லாம் கொட்டிப் பார்த்தாயிற்று.

"ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாரு மாப்ளே" என்றேன்.

அவன் சிரிக்கவில்லை. "பூட்டு மேல தப்பு இல்ல மாமா. யூசர் எரர்" என்றான். பதினாறு வருஷத்தில் அந்த வார்த்தையை அவன் வாயிலிருந்து நான் கேட்டது அப்போதுதான்.

எங்கிருந்தோ ஒரு பூட்டுக்காரரை வாட்ச்மேன் கூட்டிவந்தார். அறுபது வயதிருக்கும். டார்ச் அடித்துப் பூட்டைத் தூக்கிப் பார்த்தார். தொண்டைக்குள் எட்டிப் பார்ப்பதுபோல் துளைக்குள் பார்த்தார். அரத்தை எடுக்கவில்லை. வாசலில் உட்கார்ந்துகொண்டார்.

"இது பழைய வேலை சார். இப்ப வர்றதுல எல்லாம் உள்ள நெம்புகோலே சரியா வைக்கிறதில்ல. தகடு மெலிசு. மேல பாலிஷ் மட்டும் பளபளன்னு இருக்கும்."

"அதைத்தான் அண்ணே நானும் சொல்றேன்" என்று மாப்பிள்ளை அவர் பக்கத்தில் உட்கார்ந்தான்.

நாங்கள் மூட்டை முடிச்சோடு லிஃப்ட் அருகே போய்ப் பாய் விரித்துக்கொண்டோம்.