சொல் நீங்கினால் குற்றம் நீங்கும்

வெட்கக்கேடான நடத்தையை ஒழிக்கச் செலவில்லாத வழி, அதைச் சுட்டும் சொற்களை ஒழிப்பதே. 2022 ஜூலையில் வெளியான மக்களவைச் செயலகத்தின் ‘அவைக்கு ஒவ்வாத சொற்கள்’ தொகுப்பில் ‘கரப்ட்’, ‘டிராமா’, ‘ஹிப்போகிரசி’, ‘அஷேம்ட்’ முதலியவை இடம்பெற்றன. எந்தச் சொல்லுக்கும் தடையில்லை, அவைக்குறிப்பிலிருந்து நீக்கப்படலாம், அவ்வளவே என்றார் சபாநாயகர் ஓம் பிர்லா. பலன் கண்கூடு: ‘கரப்ட்’ போனால் ஊழல் போயிற்று, ‘அஷேம்ட்’ போனால் எவரும் வெட்கப்பட வேண்டியதில்லை.

இம்முறை கடலோரத்துக்கும் பொருந்தும். விழுப்புரம் மக்களவைத் தொகுதியின் பொம்மையார்பாளையத்தில் கடல் கரையைத் தின்கிறது. ‘அரிப்பு’ என்ற சொல்லை நீக்கிவிட்டால் கருங்கல் கொட்டும் செலவு மிச்சம்; வீடிழந்த மீனவரும் புகார் சொல்லச் சொல்லின்றி நிம்மதியாக இருப்பர்.

நீக்கத்தக்க சொற்கள் பலவற்றைச் செயலகமே தொகுத்துவிட்டது. வாய் நிறையத் திட்ட விரும்பும் உறுப்பினருக்கு வேறு அகராதி தேவையில்லை.