முக்காலி மாஸ்டர்

முக்காலி மாஸ்டரிடம் சனிக்கோளைப் பற்றி வாய்தவறியும் கேட்டுவிடாதீர்கள். வளையத்துக்கு அரை நிமிடம் ஒதுக்குவார். மிச்ச ஒன்றரை மணித்தியாலமும் தொலைநோக்கி நிற்கிற காலைப் பற்றித்தான். மட்டக்களப்பில் கல்லடிப் பாலத்துக்கு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ, ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்கள் குடியிருக்கும் தெருக்களில் இப்படி ஒருவர் எப்படியும் அகப்படுவார். சாரம், கையில்லாத பெனியன், கையில் எந்நேரமும் ஒரு ரசமட்டம். வீட்டில் சாப்பாட்டு மேசை ஆடுகிறது. அதைப் பற்றி அவருக்குக் கவலையில்லை.

அவர் பேச்சில் நியாயம் இல்லாமலும் இல்லை. 150 மடங்கு பெருக்கினால் வியாழன் மட்டும் பெருக்காது, முக்காலியின் நடுக்கமும் அதே 150 மடங்கு பெருக்கும். கச்சான் காற்று எழும்புகிற மாதங்களில் வாவிக் கரையில் மலிவு முக்காலியை நட்டு, அதில் சந்திரனைப் பார்த்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். சந்திரன் சூட்டுச் சட்டியில் விழுந்த கடுகு மாதிரித் துள்ளும். "கண்ணாடிக்குப் பத்து ரூபா எண்டா காலுக்கு இருபது ரூபா குடு" என்பது மாஸ்டரின் சூத்திரம். படம் எடுக்கிறவர்கள், குழாயைச் சுமந்து திருப்புகிற மவுண்ட் தாங்கும் என்று கம்பனி சொல்கிற பாரத்தில் பாதிக்கு மேல் ஏற்றமாட்டார்கள். மாஸ்டர் அந்தப் பாதியையும் நம்பவில்லை. ஆறு கிலோக் குழாய்க்கு இருபது கிலோ தாங்கும் ஈக்யூ6-ஆர் மவுண்ட்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார்.

மவுண்ட் ரொறன்ரோவிலிருந்து மருமகனோடு வந்தது. அதன் தலை மட்டும் 17 கிலோ. எதிர்ப்பாரக் கட்டைகள் இரண்டு, தலா ஐந்து கிலோ. விமானத்தில் ஒரு பெட்டிக்கு விட்டதோ 23 கிலோ. மாமிக்கு என்று வாங்கிய குளிர்ச்சட்டையும் சொக்கலேற்றும் ஒரு பக்கம், இரும்புக் கட்டைகள் மறுபக்கம் என்று தராசில் வைத்துப் பார்த்த மருமகன் புத்திசாலி. கட்டைகள் ரொறன்ரோவிலேயே நின்றுவிட்டன. டவுனில் பாரம் தூக்குகிற பொடியன்மாரின் இரும்புத் தட்டுகள் வாங்கும் வரைக்கும், ஒரு கிழமை, எதிர்ப்பாரக் கம்பியில் அம்மிக் குழவி கயிற்றில் தொங்கியது. அந்தக் கிழமை வீட்டில் சம்பல் இல்லை.

"இந்த இரும்புக்கு வாற கரிசனை எனக்கு ஒருநாளும் வரல்ல" என்று மாமி சொன்னதை மாஸ்டர் மறுக்கவில்லை. பற்சக்கரத்துக்குக் கிறீஸ் பூசிக்கொண்டிருந்தார்.

பிறகுதான் பூமியோடு வழக்கு. மவுண்டின் அச்சு பூமியின் அச்சுக்கு ஒத்து நின்றால்தான், ஒரே மோட்டார் இரவு முழுக்க நட்சத்திரத்தைத் துரத்திக்கொண்டு போகும். எவ்வளவு சரிக்க வேண்டும் என்பதை ஊரின் அகலக்கோடு சொல்லும். ரொறன்ரோவுக்கு 43.7 பாகை. மட்டக்களப்புக்கு 7.7. அச்சைக் குறிபார்க்க உதவும் துருவ நட்சத்திரம் இங்கே நீட்டிய கையின் முட்டி அளவு உயரத்துக்குக்கூட எழும்பாது. பக்கத்து வளவுத் தென்னையும் வாவியிலிருந்து எழும்பும் ஈரப்புகாரும் அதை முதலிலேயே விழுங்கிவிடும். ஆர்தர் சி. கிளார்க் 1979இல் எழுதிய ‘த ஃபவுண்டன்ஸ் ஒஃப் பாரடைஸ்’ நாவலில், விண்வெளிக்கு மின்தூக்கி கட்டும் வசதிக்காக இலங்கையை 800 கிலோமீற்றர் தெற்கே இழுத்துப் பூமத்திய கோட்டில் வைத்துவிட்டார். இந்த நாட்டையே வீடாக்கிக்கொண்ட அந்த மனிதரில் மாஸ்டருக்கு மரியாதை உண்டு. மனத்தாங்கலும் உண்டு. "அந்தாள் இழுத்த இழுவைக்குத் துருவ நட்சத்திரம் கடலுக்குள்ள போயிருக்கும் மனே. ஏழு பாகையாவது மிஞ்சியிரிக்கி."

அந்த ஏழு பாகைக்குச் சரித்தபோது அடுத்த சிக்கல். தலை வடக்கே கவிழ்ந்தது. எதிர்ப்பாரக் கம்பி கீழே இறங்கி, வடக்கே நீட்டியிருந்த முக்காலியின் காலில் போய் 'டங்' என்று முட்டியது. குளிர் நாட்டுக்காரனுக்கு வராத பிரச்சினை இது. காலைத் திருப்பி வடக்கே இடைவெளி விட்டால் கம்பி தப்பும், ஆனால் பாரம் முழுதும் கால் இல்லாத பக்கம் சாயும். மாஸ்டர் இரண்டு இரவு யோசித்தார். மூன்றாம் நாள் முக்காலியே வேண்டாம், கொங்கிறீட் தூண் என்று அறிவித்தார். பெயர் மட்டும் மாறவில்லை.

தூணுக்கு நாலடி ஆழம் கேட்டார். இது கடலுக்கும் வாவிக்கும் நடுவில் கிடக்கிற மணல். மூன்றாவது அடியிலேயே தண்ணீர் ஊறியது. மேசன் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு, "சேர், தூண் கட்டுறதா, கிணறு கட்டுறதா?" என்றார். குழியை அகலமாக்கிக் கம்பிக்கூடு இறக்கி, அரை மூட்டை என்று தொடங்கிய சீமெந்து நாலு மூட்டையில் முடிந்தது. முற்றத்துச் சீமெந்துத் தரையில் தூண் தொடக்கூடாது, நடக்கிறவர்களின் அதிர்வு ஏறும் என்று சுற்றிவர இரண்டு அங்குலம் வெட்டவெளி. அதற்குள் மாமியின் மூக்குத்தி விழுந்த கதை தனி.

துருவ நட்சத்திரம் தெரியாதவனுக்கு வேறு வழி இருக்கிறது. உச்சிக்கோட்டில், பூமத்திய கோட்டுக்கு நேர் மேலான வான நடுக்கோட்டை ஒட்டி ஒரு நட்சத்திரத்தைப் பிடித்து, அது வடக்கே நழுவுகிறதா தெற்கே நழுவுகிறதா என்று பார்த்து மவுண்டைக் கிழக்கு மேற்காகத் திருத்த வேண்டும். பிறகு கிழக்கே தாழ்வில் இன்னொன்றைப் பிடித்து உயரத்தைத் திருத்த வேண்டும். சலிக்கும்வரை இதையே மாறி மாறிச் செய்ய வேண்டும். மட்டக்களப்பில் வான நடுக்கோடு கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு மேலால் போவதால், மாஸ்டர் இதைப் பாயில் மல்லாந்து கிடந்து செய்கிறார். சித்திரை மாதம் முழுக்கக் கிடந்தார்.

அதே சித்திரையில் பக்கத்து வளவில் உயர்தரம் படிக்கிற பொடியன் ஒருவன் கடதாசிக் குழாயும் ஒட்டுப்பலகைப் பெட்டியும் வைத்து ஒரு தொலைநோக்கி செய்தான். அறுபதுகளில் சான் பிரான்சிஸ்கோ நடைபாதைகளில் ஜோன் டொப்சன் என்ற முன்னாள் துறவி ஊரார் பார்க்கவென்று வைத்த அதே வகை. மோட்டார் இல்லை, அகலக்கோடு இல்லை, கையால் தள்ளினால் திரும்பும். ஒமேகா சென்டோரி என்ற நட்சத்திரக் கொத்து இலண்டன்காரனுக்கு அடிவானத்துக்கு மேலேயே வராது. இங்கே தெற்கே 35 பாகை உயரத்தில் நின்றது. தெருவே வரிசையில் நின்று பார்த்தது. மாமியும் பார்த்தார்.

கடைசியில் மாஸ்டரும் பாயைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வேலியால் வந்தார். குனிந்தார். கனநேரம் கண்ணை எடுக்கவில்லை. பொடியன் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"வடிவாத்தான் இரிக்கி மனே" என்றார் நிமிர்ந்து. பிறகு பெட்டியின் விளிம்பைச் சுண்டுவிரலால் ஒரு தட்டுத் தட்டினார். "ஆனா அடி கொஞ்சம் ஆடுது. எங்கட வளவில ரெண்டு மூட்டை சீமெந்து மிச்சம் கிடக்கு. நாளைக்குக் குழி கிண்டுவமா?"