வண்டி வாங்கப் போகிறவர்

வண்டி வாங்கினவரைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. அவர் மாதா மாதம் தவணை கட்டிக்கொண்டு ஊருக்கு உபத்திரவம் இல்லாமல் இருக்கிறார். நான் சொல்ல வந்தது வண்டி வாங்கப் போகிறவரைப் பற்றி. ஒரு பக்கத்தில் ஏழெட்டு வருஷம் ஓடிக் களைத்தும் குலப்பெருமை குன்றாத ஐரோப்பிய எஸ்டேட் கார் ஒன்றையும், மறு பக்கத்தில் ஷோரூம் வாசலில் மாலையும் கழுத்துமாக நிற்கும் புத்தம் புதிய குடும்ப எஸ்.யு.வி. ஒன்றையும் மனத்துக்குள் நிறுத்திவைத்து, இரண்டுக்கும் நடுவில் நின்றபடியே தலை நரைத்துவிட்ட அந்த மகானுபாவர், தெருவுக்கு ஒருவராக எங்கும் இருக்கிறார். எங்கள் தெருவில் இருப்பவர் சற்று அதிகமாகவே இருக்கிறார்.

எஸ்டேட் கார் நம் தேசத்தில் அதிகம் பழக்கப்பட்ட பொருள் அல்ல. செடான் காரின் கூரையைப் பின்கோடி வரைக்கும் நீட்டி, மாட்டுவண்டிக்குக் கூண்டு கட்டியதுபோல மூடியிருப்பார்கள். ஓட்டுவதற்குக் காராகவும் சாமான் ஏற்றுவதற்கு வேனாகவும் இருக்கும். 1992இல் டாட்டா எஸ்டேட் வந்தது. பிறகு ஸ்கோடா ஆக்டேவியா காம்பி வந்தது. 2017இல் வோல்வோ வி90 கிராஸ் கன்ட்ரியும், அடுத்த ஆண்டில் மெர்சிடிஸின் இ-கிளாஸ் ஆல்-டெரெய்னும் வந்தன. வந்தவை எல்லாம் நம் ஜனங்களின் உதாசீனத்தைச் சம்பாதித்துக்கொண்டு ஒவ்வொன்றாக விடைபெற்றன. பிறர் உதாசீனம் செய்த வஸ்துவின் மேல்தான் நம்மவருக்குப் பிரேமை பிறக்கும். 1994இல் இங்கிலாந்தின் கார் பந்தயத்தில் வோல்வோ கம்பெனிக்காரர்கள் மற்றவர்களைப்போல் செடானைக் கொண்டுவராமல் 850 எஸ்டேட்டையே களத்தில் இறக்கி ஓட்டிய வரலாற்றை அவர் கல்யாணப் பந்தியிலும் சொல்வார், துக்கம் விசாரிக்கப் போன இடத்திலும் சொல்வார். புதிதில் 60 லட்சம் ரூபாய் விலை சொன்ன வோல்வோ வி90 வண்டியை இன்று ஒரு புது எஸ்.யு.வி.யின் விலைக்கே பேசி முடித்துவிடலாம் என்பது காலை நேரத்தில் அவருடைய சித்தாந்தம். மாலையில், ஒரு சின்ன உதிரி பாகம் கெட்டால் அதற்கு ஆகும் செலவை நினைத்துக்கொண்டு, இருங்காட்டுக்கோட்டையில் செய்கிற கிரெட்டா எஸ்.யு.வி.க்குச் சந்துக்குச் சந்து மெக்கானிக் இருக்கிறானே என்று எதிர்க்கட்சிக்குத் தாவிவிடுவார். இரவில் அவர் எந்தக் கட்சி என்பதை அவருடைய மனையாள்தான் அறிவாள். அந்த அம்மாள் அதைக் கேட்டுக்கொள்வதை நிறுத்தி வெகு காலமாகிறது.

அவருடைய மற்ற குணவிசேஷங்கள் கிடக்கட்டும். டிக்கியைப் பற்றி முதலில் சொல்லியாக வேண்டும். உலகத்தில் பிறர் ஒரு காரைப் பார்த்தால் அதன் முகத்தைப் பார்ப்பார்கள், வர்ணத்தைப் பார்ப்பார்கள், மிஞ்சிப் போனால் கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்து ஸ்டியரிங்கைத் தொட்டுப் பார்ப்பார்கள். இவர் நேரே பின்பக்கம் போய் நின்றுகொண்டு, “டிக்கியைத் திறங்க” என்பார். சட்டைப்பையில் தையற்காரர் உபயோகிக்கும் இஞ்ச் டேப் ஒன்று சதா சுருண்டு கிடக்கும். அதை உருவி, டிக்கியின் அகலம், ஆழம், உயரம், இரண்டு சக்கர வளைவுகளுக்கும் நடுவிலுள்ள குறுகலான இடம், தரையிலிருந்து டிக்கியின் விளிம்பு வரைக்கும் பெட்டியைத் தூக்க வேண்டிய தூரம் ஆகிய ஐந்து அளவுகளையும் எடுத்து, யாரோ கொடுத்த கல்யாணப் பத்திரிகையின் பின்புறத்தில் குறித்துக்கொள்வார். அந்தக் கல்யாணத்துக்கு அவர் போகவில்லை. அன்றைக்கு ஒரு பழைய ஸ்கோடா பார்க்கக் கோயமுத்தூர் போயிருந்தார்.

கிரெட்டாவின் டிக்கி 433 லிட்டர், வோல்வோவின் டிக்கி 560 லிட்டர் என்று கம்பெனிக்காரர்களே அச்சிட்டுக் கொடுக்கிறார்களே, அதற்கு மேல் இவர் எதை அளக்கிறார் என்று சிலருக்குத் தோன்றலாம். அவருடைய மனைவிக்கும் ஒரு நாள் தோன்றியது. “லிட்டர் லிட்டர்ங்கிறீங்களே, அதுல தண்ணியா புடிக்கப் போறீங்க?” என்று அந்த அம்மாள் கேட்டதுதான் தாமதம், ஜெர்மானியர் வகுத்த முறையை அவர் சாங்கோபாங்கமாக விவரிக்கத் தொடங்கினார்: 200 மில்லிமீட்டர் நீளமும் 100 அகலமும் 50 உயரமும் உள்ள கட்டை ஒன்று சரியாக ஒரு லிட்டர் கன அளவு, அப்படிப்பட்ட கட்டைகளை டிக்கிக்குள் அடுக்கிக்கொண்டே போய், எத்தனை கொள்ளுகிறதோ அத்தனை லிட்டர் என்று எழுதுவார்கள். இவ்வளவும் உண்மை. இந்த ஞானத்தோடு சாமானிய மனிதன் அடங்கியிருப்பான். இவர் ஆசாரியிடம் போனார். பூஜை அலமாரி செய்து மிஞ்சிய தேக்குப் பலகையில், ஜெர்மானிய அளவுக்கு ஒரு இழை பிசகாமல் கட்டைகள் அறுபடலாயின. 433 கட்டைகளுக்கு மரமும் போதவில்லை, ஆசாரியின் பொறுமையும் போதவில்லை. ஆகவே ஒரு சாக்கு நிறைந்த மட்டோடு அந்தச் சாஸ்திரீய முயற்சி நின்றது.

அந்தச் சாக்கு மூட்டையோடு அவர் ஷோரூமுக்குள் பிரவேசித்த வைபவத்தை நான் உடனிருந்து பார்த்தேன். என் வண்டியில்தான் அதை ஏற்றிக்கொண்டு போனோம். குளிரூட்டிய கூடம், கண்ணாடிபோல் பளபளக்கும் தரை, கழுத்தில் டை கட்டிய ஒரு பிள்ளை. சன்ரூஃப், தொடுதிரை, காற்று வரும் இருக்கை என்று மனப்பாடம் செய்துவைத்திருந்த அத்தனையையும் தொண்டைக்குள்ளேயே விழுங்கிவிட்டு, அந்தப் பிள்ளை இஞ்ச் டேப்பின் ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டு முக்கால் மணி நேரம் நின்றான். கட்டைகளை அடுக்கி எண்ணியாயிற்று. பிறகு என் வண்டியிலிருந்து பெரிய பெட்டி ஒன்றும், தாயாருடைய வாக்கரும், குலதெய்வத்துக்குப் பொங்கலிடும் வெண்கலப் பானையும் வந்து சேர்ந்தன. பெட்டி போயிற்று, வாக்கர் போயிற்று, பானை மட்டும் நிமிர்ந்து நிற்க மறுத்தது.

“சார், பானையைக் கொஞ்சம் படுக்க வச்சா...” என்று பிள்ளை ஆரம்பித்தான்.

“குலதெய்வத்துப் பானையைப் படுக்க வைக்கிறதா?”

“அப்ப பின் சீட்டை மடக்கிடலாம் சார்.”

“சீட்டை மடக்கினால் எங்க அம்மாவை எங்கே தம்பி உட்கார வைக்கிறது? உன் மடியிலயா?”

ஏழு பேர் உட்காரும் பெரிய வண்டியைக் காட்டினால் தீர்ந்துவிடும் என்று மேலாளர் ஓடி வந்தார். அதிலோ மூன்றாம் வரிசையில் ஆள் உட்கார்ந்தால் பானைக்கு இடமில்லை, பானையை வைத்தால் ஆளுக்கு இடமில்லை. மேலே கேரியர் போட்டுக் கட்டிக்கொள்ளலாமே என்று மேலாளர் சொன்ன யோசனை நம்மவருடைய முகத்தில் உண்டாக்கின விகாரத்தை வர்ணிக்க எனக்குச் சக்தி இல்லை. அவர்கள் குலதெய்வம் கோயிலுக்குப் போவது ஆண்டுக்கு ஒரு தரம் என்பதையும், போவது ரயிலில் என்பதையும், பானை அங்கேயே வாடகைக்குக் கிடைக்கிறது என்பதையும் நான் அந்தச் சந்தர்ப்பத்தில் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அந்தப் பிள்ளை அழுதிருப்பான்.

பழைய வண்டி விற்கிறவர்களிடமும் இதே காண்டம்தான். அங்கே சொல்லப்படும் மந்திரம் வேறு: “டாக்டர் ஓட்டின வண்டி சார், வீடு விட்டா ஆஸ்பத்திரி, ஆஸ்பத்திரி விட்டா வீடு.” தமிழ்நாட்டில் விலைக்கு வரும் பழைய கார்களை எல்லாம் டாக்டர்களே ஓட்டியிருப்பது உண்மையானால், இத்தனை காலமும் நோயாளிகளை யார் பார்த்தார்கள் என்பது விசாரிக்க வேண்டிய விஷயம். டீசல் வண்டிக்குப் பத்து வயதோடு ஆயுள் முடிந்தது என்று டில்லியில் விதித்திருந்தபடியால், அந்திமக் காலம் நெருங்கிய டில்லிக் கார்கள் மலிவு விலைக்குத் தெற்கே வந்துகொண்டிருந்தன. அவற்றை இங்கே மறுபதிவு செய்ய வரி கட்ட வேண்டும் என்பதும், கட்டினால் மலிவு மறைந்துவிடும் என்பதும் அவருக்கு விரல்நுனியில் இருக்கிறது. வரி என்றவுடன் நினைவு வருகிறது. 2023 நவம்பரில் இந்த மாநிலத்தில் சாலை வரியை ஏற்றி, 20 லட்சத்துக்கு மேற்பட்ட புது வண்டிகளுக்கு நூற்றுக்கு 20 என்று ஆக்கியபோது, “இந்த அநியாயம் அடங்கட்டும்” என்று ஒத்திவைத்தார். 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி.யைக் குறைத்து, பெரிய எஸ்.யு.வி.க்களுக்கு மேல்வரியோடு சேர்த்து 50 சதவீதமாக இருந்ததை 40 ஆக்கியபோது, தெருவே அவருக்கு வாழ்த்துச் சொல்லத் தயாராக நின்றது. அவரோ, புது வண்டியின் விலை இறங்கினால் பழைய வண்டியின் விலையும் இறங்கித்தானே ஆகவேண்டும், அதுவரை பொறுப்போம் என்றார். இந்த நியாயத்தில் ஓட்டை கண்டுபிடிக்க நானும் எவ்வளவோ பிரயத்தனம் செய்து பார்த்தேன்.

அவரிடம் வித்தையே இல்லை என்று சொல்லிவிட முடியாது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் முழுகிய கார்கள், கழுவித் துடைத்து, வாசனை தெளித்து, பிற்பாடு சந்தைக்கு வந்தனவே, அவற்றை இனம் கண்டுபிடிப்பதில் அவருக்கு நிகர் அவர்தான். சீட் பெல்ட்டைப் பிடித்து, அன்றாடம் யாரும் இழுக்காத அளவுக்கு, கடைசி முழம் வரை இழுப்பார். கழுவுகிறவன் கை எட்டாத அந்த அடிப்பகுதியில் சேற்றுக் கறை ஒரு கோடாக நின்றால் வண்டி தண்ணீருக்குள் இருந்திருக்கிறது என்று அர்த்தம். அடுத்த தெருவில் ஒரு டீச்சரம்மா, ஓய்வு பெற்றபோது கிடைத்த பணத்தை எல்லாம் கொட்டி வாங்கவிருந்த காரில் இந்தக் கோட்டைக் கண்டு சொல்லி, அந்த அம்மாளைக் காப்பாற்றினார். அதற்காக ஒரு காபிகூட வாங்கிக் குடிக்கவில்லை. ஸ்டெப்னியைத் தூக்கி அதன் அடியில் மூக்கை நுழைத்து மோந்து பார்த்துவிட்டு, புழுதி படிந்த மூக்கோடு நிமிர்ந்து, “வேண்டாம்மா, விட்டுடுங்க” என்று அவர் சொன்ன கணத்தில் எனக்கே அவர் மேல் ஒரு வாஞ்சை உண்டாயிற்று.

ஆனால் அவருடைய தாயார் விஷயத்தில் எனக்குப் பொறுக்கவில்லை. கிழவிக்கு இரண்டு முழங்காலும் போய்விட்டன. எஸ்.யு.வி.யில் ஏறுவதற்கு முக்காலி வேண்டும். தாழ்ந்த காரில் உட்கார்ந்தால் எழுந்திருக்க இரண்டு பேர் வேண்டும். தரையிலிருந்து 210 மில்லிமீட்டர் உயர்ந்து நிற்கும் வோல்வோ எஸ்டேட்தான் இதற்கு மத்தியஸ்தம் என்று அவர் வாதித்துக்கொண்டிருந்தபோது, உள்ளேயிருந்து அந்த அம்மாள் சொன்னாள்: “எனக்கு ஆட்டோவே போதும்டா. ஏறறதும் சுளுவு, எறங்கறதும் சுளுவு.” உடனே இவர் என்ன செய்தார்? முனைக்குப் போய், ஸ்டாண்டில் நின்ற ஆட்டோவின் இருக்கை தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று அளந்து, அதையும் கல்யாணப் பத்திரிகையில் ஆறாவது அளவாக எழுதிக்கொண்டு வந்தார். ஐப்பசி மழையில், பக்கவாட்டுப் படுதா காற்றில் அடித்துக்கொள்ள, அந்த அம்மாள் கண் ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில்தான் போய் வருகிறாள். வண்டிக்கு வேண்டிய பணம் வங்கியில் வட்டி ஈட்டிக்கொண்டிருக்கிறது. இரண்டில் எதை வாங்கியிருந்தாலும் கிழவி நனையாமல் போயிருப்பாள். கிரெட்டா என்றால் கூட ஒரு முக்காலி வாங்கியிருக்க வேண்டும், அவ்வளவுதான். இதை அவரிடம் நேரிலேயே சொன்னேன். முக்காலியை வைப்பதற்கு டிக்கியில் எவ்வளவு இடம் பிடிக்கும் என்று கேட்டார்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை, எங்கள் வீட்டு வாசலில் நின்ற எங்கள் பழைய காரை, என் அனுமதியைக் கோராமலே சோதனையிட்டார். வாங்கி வெகு காலமாகி, எங்களை இதுவரை நடுவழியில் விடாத வண்டி அது. அவருடைய மரக்கட்டை மூட்டையையும் வெண்கலப் பானையையும் ஊர் முழுவதும் சுமந்து திரிந்ததும் அதுவே. பின் சீட் பெல்ட்டைக் கடைசி முழம் வரைக்கும் இழுத்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, காபித் தம்ளரோடு வந்த என் மனைவியின் பக்கம் திரும்பி, “சேறு மாதிரி இருக்கும்மா. காபியாவும் இருக்கலாம்” என்று சொல்லிவிட்டுத் தம்ளரை வாங்கிக்கொண்டார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அமைதி இல்லை. இந்த வண்டியில் இனிக் கால் வைப்பதில்லை என்கிறாள் என் மனைவி. நேற்றுச் சாயங்காலம் அவரைக் கூப்பிட்டு உட்கார வைத்து, வேறு வண்டி வாங்குவதானால் எதை வாங்கலாம் அண்ணா என்று கேட்டிருக்கிறாள். நான் வீடு திரும்பியபோது கூடத்தில் தேக்குக் கட்டைகள் அடுக்கியிருந்தன.