அட்மிரலின் உச்சந்தலை

பூனை வளர்க்கிற வீட்டுக்குப் போனால் ஒன்றைக் கவனியுங்கள். நீங்கள் அந்தப் பக்கம் திரும்பியதும் வீட்டுக்காரர் பூனையைத் தூக்கி, இரண்டு காதுக்கும் நடுவில் மூக்கை வைத்து ஓர் இழுப்பு இழுப்பார். பிடிபட்டால், “உண்ணி இருக்கோ எண்டு பாத்தனான்” என்பார். நானும் அதைத்தான் சொல்லுகிறேன்.

எங்கள் கடுவனுக்குப் பெயர் அட்மிரல். பிரிட்டிஷ் கடற்படை திருகோணமலைத் தளத்தை இலங்கையிடம் கையளித்தது 1957இல். தன் கப்பல்களில் பூனை கூடாதென்று தடை போட்டதோ 1975இல். அப்படியென்றால் எலி பிடிக்கிற பூனைகளோடுதான் அந்தக் கப்பல்கள் இங்கே நின்றிருக்கும். அதில் ஒன்றாவது கரைக்கு இறங்கி, திரும்பிப் போக மனமில்லாமல் நின்றிருக்காதா? உட்துறைமுக வீதியில் ஓட்டோவுக்கு வழிவிடாமல் இவன் நடக்கிற நடையைப் பார்த்தால் எனக்குச் சந்தேகமே இல்லை. மனிசிக்கு இருக்கிறது.

ஊர் சுற்றிவிட்டு வந்தால், மணந்தே அவன் போன இடத்தைச் சொல்லலாம். வயிற்றில் டீசல் என்றால் படகு எஞ்சினுக்குக் கீழே படுத்திருக்கிறான். முன்காலில் சூடை மீன். அதற்கு விளக்கம் வேண்டாம். முதுகில் சாம்பிராணி என்றால் பக்கத்து வீட்டு அன்ரியின் சாமியறைக்குள் புகுந்திருக்கிறான். அன்ரி இப்போது வருவா. உச்சந்தலை மட்டும் என்றைக்கும் ஒரே மணம்: கச்சான் காற்றில் காய்ந்த பருத்திச் சாரம் மாதிரி. வேறு வீட்டுப் பூனைகளையும் மணந்து பார்த்திருக்கிறேன். (எப்படி என்று கேட்கக்கூடாது.) அதுகள் வேறு.

நான் மட்டும் பைத்தியமில்லை. அமெரிக்காவின் டிமீட்டர் நிறுவனம் பூனைக்குட்டி உரோமத்தின் பெயரிலேயே ஒரு சென்ற் செய்தது. ஜப்பானின் பெலிசிமோ, பூனை நெற்றி மணமென்று சொல்லித் துணிக்குத் தெளிக்கிற திரவம் விற்றது. நாங்கள் மட்டும் சும்மாவா? காலங்காலமாகச் சாமிக்குப் புனுகு சாத்துகிறோம். புனுகுப்பூனை உண்மையில் பூனைக் குடும்பமே இல்லையாம். அட்மிரலிடம் இதைச் சொல்லி வைத்திருக்கிறேன், பெருமைப்பட்டுக்கொள்ள வேண்டாமென்று.

ஆனால் மணந்து பார்க்கிற வேலையில் நாங்கள் கற்றுக்குட்டிகள். பூனைக்குக் கன்னம், நாடி, நெற்றி, பாதம், வாலடி எங்கும் மணச் சுரப்பிகள். அது காலில் உரசினால் பாசமென்று உருகிப்போகிறோம். பாசமும் இருக்கலாம். அதோடு தன் முத்திரையையும் குத்துகிறது. கதிரைக் கால், கேற், சைக்கிள் சில்லு, நான்: எல்லாம் ஒரே சொத்துப் பட்டியலில்.

சாம்பலை மிருக வைத்தியரிடம் ஒப்பரேசனுக்குக் கொண்டுபோய் வந்த அன்றுதான் அந்த முத்திரையின் பெறுமதி தெரிந்தது. சாம்பல், அட்மிரலின் கூடப்பிறந்தவள். கூடையைத் திறந்ததும் அவன் முதுகை வளைத்துச் சீறினான். முகம் அதே முகம், குரல் அதே குரல், மணம் மட்டும் ஸ்பிரிற். அவ்வளவுதான், சகோதரம் முடிந்தது. மனிசி பழைய துவாயொன்றால் அவன் கன்னத்தைத் துடைத்து, அதே துவாயால் அவளையும் துடைத்தா. பிறகும் மறுநாள் மத்தியானந்தான் இரண்டும் ஒரு கோப்பையில் தின்றன.

எனக்கும் அதே விசாரணைதான். கொழும்பு போய் வந்தால் சப்பாத்து, காற்சட்டை நுனி, கைவிரல் எல்லாம் மணந்துவிட்டு, வாயைப் பாதி திறந்தபடி நிற்பான். மணத்தை ஆராய அண்ணத்தில் தனியாக ஓர் உறுப்பு வைத்திருக்கிறான். மச்சாள் வீட்டுப் பூனையை நான் தூக்கிய விஷயம் அங்கே பதிவாகிவிடும். அன்று பேச்சுவார்த்தை இல்லை.

சைக்கிளில் பெட்டி கட்டி மீன் கொண்டுவரும் திருக்கடலூர் ஐயா, “பூனையில என்ன தம்பி மணம் கிடக்கு?” என்று சிரிப்பார். அவர் சிரித்து முடிப்பதற்குள் ஒழுங்கையிலுள்ள அத்தனை பூனையும் அவர் சாரத்தில் உரசி முடித்துவிடும். தன்னை எத்தனை பேர் உறுதி எழுதி வைத்திருக்கிறார்கள் என்பது அந்த மனிசனுக்குத் தெரியாது. அட்மிரல் மட்டும், எதற்கும் இருக்கட்டுமென்று, இரண்டு காலிலும் எழுதுகிறான்.