வெருளி எழுதின கட்டுரை

இஞ்சை வா தம்பி. உந்தப் பையை முதுகிலையிருந்து இறக்கிப்போட்டு இதிலை இரு. காலமை ஐஞ்சரைக்கு ரியூசன், பள்ளிக்கூடம் விட்டாப் பிறகு ரியூசன், சனி ஞாயிறு கருத்தரங்கு. இப்ப கட்டுரைக்கெண்டும் தனி வகுப்பாம், தனி நோட்ஸாம். கொம்மா பெருமையாச் சொன்னவ. நான் சிரிச்சுப்போட்டன். அவவுக்குக் கோபம் வந்திட்டுது.

சரி, அந்த நோட்ஸை எடு பாப்பம். ‘நான் ஒரு பேனா பேசுகிறேன்’, ‘விஞ்ஞானத்தின் விந்தைகள்’, ‘மழைநாள் ஒன்று’, ‘நான் நாட்டின் தலைவரானால்’. எல்லாம் ‘இன்றைய நவீன உலகிலே’ எண்டு தொடங்குது. எல்லாம் ‘எனவே நாம் அனைவரும்’ எண்டு முடியுது. நடுவிலை என்ன கிடக்கெண்டு கேட்டால் உனக்கும் தெரியாது, எழுதிக் குடுத்த சேருக்கும் தெரியாது.

உதென்ன, ‘கதிரவன் தன் பொற்கரங்களை நீட்டினான்’ எண்டு கிடக்கு? விடியக்காலமை நீ தகரக் கொட்டிலுக்குள்ளை நெருக்கியடிச்சுக்கொண்டு இருக்கிறாய். கதிரவன் எங்கை கரம் நீட்டினவர்? தகரத்துக்கு மேலையோ? காணாத ஆளுக்கு நீ ஏன் சாட்சி சொல்லுறாய்?

சாதாரண தரத் தமிழ்ப் பத்திரத்திலை கட்டுரைக்கு நாலைஞ்சு தலைப்புக் குடுத்து ஒண்டை எழுதச் சொல்லுவினம். அதைத் திருத்திறவரும் ஒரு மனுசன்தானே? வெக்கைக்குள்ளை இருந்து கட்டுக்கட்டா விடைத்தாள் பாக்கிறார். ஒரு ரியூட்டரி முழுக்க ஒரே பேனையாப் பேசினால் அந்த மனுசன் என்ன செய்வார்? சுட்டெண் மாறுது, கதிரவன் மாறேல்லை. கொட்டாவி விட்டுக்கொண்டு ஒரு புள்ளியைப் போட்டிட்டு அடுத்த தாளைப் புரட்டுவார்.

நவாலியூர் சோமசுந்தரப் புலவரைத் தெரியுமோ? 1878 இலை பிறந்து 1953 வரையிலை இருந்த மனுசன். தங்கத் தாத்தா எண்டு ஊரே சொன்னது. அவர் தலைப்புத் தேடிக் கொழும்புக்குப் போனவரோ? ஆடிப்பிறப்புக் கூழையும் கொழுக்கட்டையையும் பாடினார். கத்தரித் தோட்டத்து வெருளியைப் பாடினார். எல்லாம் எங்கடை அடுப்படியும் எங்கடை தோட்டமும்தான். இண்டைக்கும் சின்னஞ்சிறுசுகள் பாடுதுகள்.

நீ பாடமாக்கின கட்டுரையும் ஒரு வெருளிதான், கண்டியோ. சட்டை இருக்கும், தலைப்பா இருக்கும், உள்ளை ஆள் இராது. முதல் வாற காகம் கொஞ்சம் பயப்படும். இரண்டாவது வாறது தலையிலை குந்தியிருந்து எச்சம் போடும்.

‘அப்பு, இப்ப போனிட்டைக் கேட்டாலே கட்டுரை எழுதித் தரும்’ எண்டு நீ முணுமுணுக்கிறது எனக்குக் கேக்குது. தரும், ஆர் இல்லையெண்டது? பரீட்சை மண்டபத்துக்குள்ளை அதைக் கொண்டுபோக விடுவினமோ? நீ எழுதினதைக் காட்டி எங்கை பிழையெண்டு கேள், அது கெட்டித்தனம். எழுதித் தா எண்டு கேட்டியோ, சோதினையை அதுவே எழுதட்டும். நீ வெளியிலை நிண்டு சைக்கிளைப் பாத்துக்கொள்.

எழுத்தாளர் டொமினிக் ஜீவாவைப் பார், பள்ளிக்கூடப் படிப்பை இடையிலை விட்டவர். யாழ்ப்பாணப் பட்டினத்திலை சலூன் வேலை செய்தவர். முடி வெட்ட வந்தவை கதைச்சதைக் காது குடுத்துக் கேட்டவர், கண்டதை எழுதினவர். அவற்றை ‘தண்ணீரும் கண்ணீரும்’ சிறுகதைத் தொகுதிக்குச் சாகித்திய மண்டலப் பரிசு கிடைச்சது. 1966 இலை ‘மல்லிகை’ எண்டு ஒரு சஞ்சிகையைத் தொடங்கி நாப்பது வருசத்துக்கு மேலை நடத்தினார். ‘சிறுகதை எழுதுவது எப்படி’ எண்டு எந்த ரியூட்டரியிலை அவர் நோட்ஸ் எடுத்தவர்? சொல்லு பாப்பம்.

‘அப்ப நான் என்ன செய்யிறது?’ எண்டு முழிக்கிறாய். அப்பிடிக் கேள், அதுதான் கேள்வி.

ஒரு நாளைக்கு ஒரு பத்தி எழுது, காணும். இண்டைக்குத் திருநெல்வேலிச் சந்தையிலை விலை பேசிற ஒரு ஆச்சியைப் பத்தி எழுது. நாளைக்கு நல்லூர்த் திருவிழாவிலை கச்சான் விக்கிறவரைப் பத்தி எழுது. ஒரு ஆள், ஒரு இடம், ஒரு சம்பவம். ‘அழகிய’, ‘அற்புதமான’, ‘உன்னதமான’ எண்டு வாறதெல்லாத்தையும் வெட்டு. வெட்டினாப் பிறகு ஏதும் மிஞ்சினால் நீ எழுதியிருக்கிறாய். ஒண்டும் மிஞ்சேல்லையெண்டால் திருப்பி எழுது.

மழைநாள் வந்தால் ‘இயற்கையின் கொடை’ எண்டு தொடங்காதை. மாரிமழைக்கு வெங்காயத் தறைக்குள்ளை வெள்ளம் நிண்டதையும், கொப்பர் சாரத்தை மடிச்சுக் கட்டிக்கொண்டு மண்வெட்டியோடை ஓடினதையும் எழுது. பேனைதான் வந்தாலும் பயப்பிடாதை. கனடா மாமா அனுப்பின பேனை எண்டு வை. மை முடிஞ்சும் எறிய மனமில்லாமல் அம்மா அதைச் சீனிப் போத்தலுக்குப் பக்கத்திலை வைச்சிருக்கிறா எண்டு எழுது. அந்தப் பேனை பேசினால் ஆர் கேளாமல் விடுவினம்?

வசனத்தைச் சின்னனா எழுது. ஆறுமுக நாவலருக்குத் தெரியாத சொல்லோ? 1848 இலை வண்ணார்பண்ணையிலை சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினவர். பிள்ளையளுக்கு விளங்கவேணும் எண்டு நேரா, சுத்தமாப் பாலபாடம் எழுதினார். நீ பதினாறு வயதிலை அவரையும் மேவப் பாக்கிறாய். அரைப்பக்கத்துக்கு ஒரு வசனம்! எழுவாயைத் தேடிப் போனவன் பயனிலைக்குத் திரும்பி வாறதுக்கிடையிலை மணி அடிச்சிடும்.

ஒண்டு சொல்லிப்போடுறன், நான் கதைக்கிற மாதிரிச் சோதினையிலை எழுதிப்போடாதை. பேச்சுத்தமிழை ஆக்கள் கதைக்கிற இடத்திலை மட்டும் விடு, மற்றதெல்லாம் எழுத்துத்தமிழிலை இருக்கட்டும். தலைப்பை ஆறுதலா இரண்டு தரம் வாசி. என்ன சொல்லப்போறாய் எண்டு ஓரத்திலை நாலு வரி குறிச்சுக்கொண்டு தொடங்கு. முடிய ஒருக்கால் வாசிச்சு ளகரம், றகரம் பார். இதுக்கு ஆரும் காசு கேக்க மாட்டினம்.

9ஏ எடுத்தால் சந்தியிலை உன்ரை படம் போட்டுப் பதாகை கட்டுவினம். கட்டட்டும். காத்துக்குக் கிழியுமட்டும் நிண்டு பாக்கலாம்.

இப்ப எழும்பு. எங்கடை வளவுக்கும் பக்கத்து வளவுக்கும் நடக்கிற வேலிச் சண்டையை ஒரு பக்கத்திலை எழுதிக்கொண்டு வா. கொப்பற்றை பக்கம் சாயாமல் எழுதவேணும். கதியால் நகர்ந்தது எந்தப் பக்கம் எண்டது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதை உள்ளபடி எழுதினாயெண்டால் சோதினையிலை எந்தத் தலைப்பும் உன்னை ஒண்டும் செய்யாது. எழுதினதைக் கொப்பருக்கு மட்டும் காட்டிப்போடாதை.