ஒரு சின்ன வேலை, எட்டு வருடம்

கேள்வி: லினக்ஸ் கெர்னலில் ஒரு குட்டி உதவி ஃபங்ஷனை நீக்க எவ்வளவு நேரம் ஆகும்?

பதில்: 'ஸ்டர்-எல்-காப்பி' விஷயத்தில் எட்டு வருடத்துக்கு மேல் ஆனது. எழுத்துச் சரத்தை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நகலெடுப்பதுதான் அதன் வேலை. 1998-ல் ஓபன்பிஎஸ்டி இயங்குதளத்தில் பிறந்த யோசனை. பிறகு லினக்ஸுக்கும் குடிவந்தது. இடம் போதாவிட்டால் சரத்தை வெட்டிக்கொள்ளும். ஆனால் மூலத்தின் முழு நீளத்தைச் சொல்லவேண்டுமென்று அதைக் கடைசிவரை படித்துவிடும். ஒரு படி அரிசி வாங்க வந்தவர் மூட்டை முழுவதையும் அளந்து பார்ப்பதுபோல. மூலத்தின் முடிவில், சரம் முடிந்ததைக் காட்டும் பூஜ்யக் குறி இல்லையென்றால் கை அடுத்தவர் மூட்டைக்குள்ளும் போகும். ஆபத்து அங்கேதான்.

அதற்கு மாற்றாக 2015-ல் லினக்ஸ் 4.3 பதிப்பில் வந்த 'ஸ்டர்-எஸ்-காப்பி' தேவையான அளவோடு நின்றுகொள்கிறது. வெட்ட நேர்ந்தால் பிழையைக் குறிக்கும் மைனஸ் எண்ணைத் திருப்பித் தருகிறது. பழைய அழைப்புகளில் பெயரை மட்டும் மாற்றினால் போதாதா? திரும்பி வரும் எண்ணைக் கண்டுகொள்ளாத இடங்களில் போதும். அதை நீளமென்று நம்பிக் கூட்டிய இடங்களில் மைனஸ் நுழைந்தால் கணக்கு கவிழ்ந்துவிடும்; ஒவ்வொன்றையும் படித்துத்தான் மாற்றவேண்டும். கடைசி அழைப்பும் ஒழிந்தபின், 2024-ல் வெளியான 6.8 பதிப்பில் பழையது நீக்கப்பட்டது.